சாஃபமோர்னா யாரு?

போன வாரம் அக்கா பொண்ணு ஒரு அமெரிக்க யுனிவர்சிட்டியோட சம்மர் ப்ரோக்ராமுக்கு ஆன்லைன்ல ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு, "மாமா, ஒரு தடவ பாத்துருங்க"ன்னு அனுப்பியிருந்தா. ரெண்டாவது வருஷம் முடிக்கப்போற பொண்ணு, எந்த வருஷம்னு கேட்ட எடத்துல ஜூனியர்னு டிக் பண்ணி வச்சிருக்கா. ஏன்டான்னு கேட்டா, எனக்கு மேல சீனியர்ஸ் இருக்காங்கல்ல மாமா, அப்ப நான் ஜூனியர்தானேங்கறா. அவமேல தப்பே இல்ல, நம்ம பேச்சுல ஜூனியர்னா நமக்கு கீழ படிக்கிறவங்க, சீனியர்னா மேல படிக்கிறவங்க, அது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவுல அப்படி மாறாது, நாலு வருஷ டிகிரியில ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பேர்: ஃப்ரெஷ்மன், சாஃபமோர், ஜூனியர், சீனியர். ஜூனியர்னா மூணாவது வருஷம், அவ்வளவுதான். இவ டிக் பண்ண வேண்டியது சாஃபமோர்.

அங்க ஹைஸ்கூலும் ஒம்பதாவதுலேர்ந்து நாலு வருஷம்ங்கறதால பத்தாவது படிக்கிற பையனும் சாஃபமோர்தான், அதனால யாராவது நான் சாஃபமோர்னு சொன்னா ஸ்கூலா காலேஜான்னு கேட்டுக்கறது நல்லது. காலேஜ்ல இன்னொரு விஷயமும் இருக்கு, நிறைய எடத்துல வருஷத்த எண்ண மாட்டாங்க, முடிச்ச பாடங்களுக்குக் கிடைக்கற கிரெடிட்டத்தான் எண்ணுவாங்க. மொத்தம் 120 கிரெடிட் டிகிரின்னா பொதுவா 30 முடிச்சாதான் சாஃபமோர்.

இந்த வார்த்தைக்கு கிரேக்கத்துல 'சோஃபோஸ்' அறிவாளி, 'மோரோஸ்' முட்டாள், ரெண்டும் சேந்து 'அறிவாளி முட்டாள்'னு விளக்கம் சொல்றதை நிறைய எடத்துல பாத்திருப்பீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது பின்னாடி ஒட்டவச்ச கதை, அதை வச்சு ரெண்டாவது வருஷப் பசங்கள மட்டம் தட்டறது எனக்குப் புடிக்கவே புடிக்காது. இப்ப வழக்குல இல்லாத 'சோஃபம்'ங்கற ஆங்கில வார்த்தைக்கு வாதம்னு அர்த்தம், அதுலேர்ந்து வந்தது 'சோஃபுமர்', அதாவது வாதம் பண்றவர், அதுதான் சாஃபமோர் ஆச்சு. 17ம் நூற்றாண்டு கேம்பிரிட்ஜ்ல சபையில நின்னு தர்க்கம் பண்றதும் படிப்புலயே சேத்தி. அந்த 'அறிவாளி முட்டாள்' விளக்கம் பரவுனதுலதான் மோர்ங்கற முடிவும் நிலைச்சிருக்கணும்னு சொல்றாங்க.

ஜூனியர், சீனியர்ங்கற பேருக்கும் இதே வேர்தான்! முழுப்பேர் ஜூனியர் சோஃபிஸ்டர், சீனியர் சோஃபிஸ்டர். ஆக ஜூனியர்னா சின்னவன்னு இல்ல, வாதம் பண்றவங்கள்ல இளைய வகுப்பு. டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல மூணாவது நாலாவது வருஷத்த இன்னைக்கும் அப்படியேதான் சொல்றாங்க. கேம்பிரிட்ஜ்ல பொறந்த வார்த்தையா இருந்தும் இப்ப பிரிட்டன்ல சாஃபமோர்னு யாரும் சொல்றதில்ல, செகண்ட் இயர்தான். ஃப்ரெஷ்மனும் மெல்ல மாறிட்டு வருது, யேல் யுனிவர்சிட்டில 2017ல ஃபர்ஸ்ட் இயர்னு மாத்திட்டாங்க.

காலேஜுக்கு வெளியவும் இந்த வார்த்தை ஓடுது. ஒரு பாடகரோட ரெண்டாவது ஆல்பம் சாஃபமோர் ஆல்பம், முதல் தடவ கலக்கிட்டு ரெண்டாவதுல சறுக்குனா சாஃபமோர் ஸ்லம்ப். ஆனா சாஃபமோரிக்னு யாராவது சொன்னா அது பாராட்டு இல்ல, அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறது, நம்ம குறைகுடம் கூத்தாடும்தான். ஒரு மாணவியப் பத்தி லெட்டர் எழுதறப்ப சாஃபமோர்னு எழுதலாம், சாஃபமோரிக்னு மட்டும் எழுதிடாதீங்க.

உச்சரிப்பு சாஃ-ல அழுத்தம், நடுவுல இருக்கற அ-வ பாதிப்பேர் முழுங்கி சாஃப்மோர்னுதான் சொல்வாங்க, ரெண்டுமே சரி.

ஃபார்ம திருத்திட்டோம். திருத்தி முடிச்சப்புறம் கீழ பாத்தா ரைசிங் ஜூனியர்ஸ் அப்ளை பண்ணலாம்னு போட்டிருக்கு, அய்யோ மாமா நான் ஜூனியர் இல்லையேன்னு பதறிட்டா. ரைசிங்னா லீவு முடிஞ்சு அந்த வருஷத்துக்குள்ள போகப்போறவங்க, அதனால ரெண்டாவது முடிச்சு மூணாவது போற இவதான் ரைசிங் ஜூனியர். அன்னைக்கு ராத்திரியே சப்மிட் பண்ணிட்டா.