கோட்டாறு சவேரியார் திருவிழாவில் நிறைவேறிய நேர்ச்சை

மாமியின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் நாகர்கோவில் கோட்டாற்றுப் புனித சவேரியாருக்கு உப்பும் நல்லமிளகும் செலுத்துவதாக நேர்ந்திருந்தேன். டிசம்பர் 3 திருவிழாவுக்குத் தாமும் வருவதாக மாமியே சொன்னபோது மனம் நிறைந்துபோனது. அவர்கள் பிறந்தது முதல் சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை, நானோ கோட்டாறு பங்கில் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பெண்.

கூட்டத்தில் நடப்பதே பெரும்பாடாயிற்று. ஆட்டோக்காரர் இருமடங்கு வாடகை கேட்டார். வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள், உடல்நிலை தேறிவரும் முதியவர் என்றும் பாராமல் மாமியின் கையில் திரியைத் திணித்துவிட்டுப் பணத்துக்கு நின்றார்கள். புனிதரின் வாசலில் இப்படி நடப்பது மிகவும் வருத்தத்துக்குரியது.

திருப்பலியில் நற்கருணை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வழங்கும் நேரம் வந்தது. நான் எழுந்தபோது மாமி வழிவிட்டு ஒதுங்கி, "நீ போ மக்களே, நான் இங்க இருந்து ஜெபிக்கேன்" என்று சொல்லி மீண்டும் முழந்தாளிட்டார்கள். எங்கள் திருச்சபையின் ஒழுங்குப்படி, கத்தோலிக்கர் அல்லாத அவர்கள் நற்கருணைப் பந்திக்கு வர இயலாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் நற்கருணையை நாவில் ஏற்றுத் திரும்பி வந்து, கண்மூடிக் கசிந்துகொண்டிருந்த அந்த முகத்தைக் கண்டதும் என் நெஞ்சு விம்மியது.

அப்பத்தின் நிறமும் சுவையும் அப்படியே இருக்க, அதன் உள்ளியல்பு முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1551-இல் அறுதியிட்டுச் சொன்னதை நான் முழுமனத்துடன் விசுவசிக்கிறேன். ஆகவேதான் நற்கருணை வைக்கப்படும் பேழையின் முன் முழந்தாளிடுகிறேன். மாமிக்கோ அப்பம் அப்பமாகவே இருக்கிறது. ஆண்டவரின் பாடுகளை நினைந்து, விசுவாசத்தினால் அவரோடு ஒன்றுபடுகிற விருந்து அது. இந்த வேறுபாடு எங்கள் வீட்டில் தோன்றியதன்று. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கூடிய சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் பதினான்கு பொருள்களில் இசைந்தும், அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறதா என்ற இந்த ஒன்றில் இசைய முடியாமல் பிரிந்தார்கள். லூத்தர் பற்றிக்கொண்ட "இது என் உடல்" என்பதும், சுவிங்லி வற்புறுத்திய "என் நினைவாகச் செய்யுங்கள்" என்பதும் லூக்கா 22:19 என்னும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அந்த வசனத்தின் இரு பாதிகளும் அன்று ஒரே பெஞ்சில் அருகருகே முழந்தாளிட்டிருந்ததாகவே எனக்குத் தோன்றியது. எது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மாமியின் பக்தி என்னுடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல என் நா எழாது.

பிறகு தேரடியில் உப்பும் நல்லமிளகும் செலுத்தினோம். அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று மாமியின் ஆலயத்துக்குச் சென்று, என் திருச்சபையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு நான் இருக்கையிலேயே இருந்தேன். நாலு படி ஏறினாலே மூச்சிரைத்த மாமி, எவர் கையையும் பிடிக்காமல் பீடம்வரை நடந்து சென்று அப்பமும் திராட்சை இரசமும் பெற்றுத் திரும்பினார்கள். சவேரியாரே, உமது பரிந்துரைக்கும், மாமியை எங்களுக்குத் திரும்பத் தந்த ஆண்டவரின் இரக்கத்துக்கும் எங்கள் வீட்டார் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். அவருக்கே தோத்திரம்.