டோல் வரைதான் இலவசம்

"24 மணி நேரச் சாலை உதவி" என்று கொட்டை எழுத்தில் போடும் என் கார் காப்புறுதி நிறுவனம், அது சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியோடு முடிந்துவிடும் என்பதைப் பொடி எழுத்தில் வைத்திருக்கிறது. மலேசியாவில் யோங் பெங் தாண்டி, பேட்டரி விளக்கு எரிந்து கார் ஓரங்கட்டி நின்றபோதுதான் அது தெரிய வந்தது.

சிங்கப்பூர் பாலிசிகள் பெரும்பாலும் மேற்கு மலேசியா முழுக்கச் செல்லும், தாய்லாந்து எல்லை தாண்டி 80 கிலோமீட்டர் வரைகூட. என்னுடையதும் அப்படித்தான். ஆனால் அது விபத்துக்காம். தானாகப் பழுதானால் இழுத்துப் போகும் செலவு நம்முடையதாம். இதைச் சொல்வதற்கு முன், காப்புறுதி நிறுவனத்தில் போனை எடுத்த பெண் கேட்ட கேள்வி: "சார், நீங்க நிற்கிற இடத்தோட அஞ்சல் குறியீடு என்ன?" சுற்றிலும் செம்பனைத் தோட்டம்!

போனை வைப்பதற்குள் பின்னால் ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. "ஹைவேல இருந்து அனுப்புனாங்க அண்ணே" என்றபடியே ஒருவர் கொக்கியோடு முன்பம்பருக்குக் கீழே குனிந்துவிட்டார். எவ்வளவு என்றால், "பட்டறையில போய்ப் பேசிக்கலாம்." தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளோடு நின்ற மனைவி கத்தினாள்: "வண்டில பிளஸ்னு எழுதவே இல்லைங்க!" பிளஸ்தான் அந்த நெடுஞ்சாலையை நடத்தும் நிறுவனம். கொக்கியை மாட்ட விடாதீர்கள். மாட்டிவிட்டால் அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

பிளஸ் நெடுஞ்சாலையின் எண் 1800-88-0000. என் சிங்கப்பூர் சிம்மில் அது போகவில்லை; மனைவியின் மலேசிய சிம்மில் உடனே கிடைத்தது. கேட்டது ஒன்றே ஒன்று, கிலோமீட்டர் எண். சாலையோரக் குட்டிப் பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ரோந்து வண்டி வந்து கூம்புகளை வைக்க ஆரம்பித்ததும் கொக்கிக்காரரைக் காணோம்.

அருகில் உள்ள டோல் வரை காசு வாங்காமல் இழுத்துப் போனார்கள். அதோடு சரி. சிங்கப்பூரிலும் இதே கதைதான். தீவு விரைவுச்சாலையில் ஒருமுறை நின்றுபோனபோது, விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் ஈமாஸ் ஆட்கள் இலவசமாக இழுத்துப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு ஊரிலும் அவர்களுக்குச் சாலை காலியானால் போதும், வண்டி ஓடுகிறதா என்பது நம் பாடு.

டோலில் இருந்தவர் கொடுத்த எண்ணில் ஒரு சீன ஃபோர்மேன், அதாவது கார் மெக்கானிக், கிடைத்தார். இழுவைக்கு எத்தனை ரிங்கிட் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகே வரச் சொன்னேன். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருந்தது; சரிசெய்து வைத்திருந்த வேறொரு பழையதை மாட்டி, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார்.

பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி முகவர் இப்போது தினமும் அழைக்கிறார். "மலேசியாவில் வண்டி பழுதாகி நின்றால் பட்டறை வரை இழுக்க யார் காசு?" என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். போனில் "அதெல்லாம் இருக்கு சார்" என்கிறார். எழுத்தில் வரட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.