குதிகால் நாணுக்கு அதிர்வலைச் சிகிச்சை எடுத்துக்கொண்ட அனுபவம்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளே எனக்குப் பெரும் சோதனையாக இருந்தன. குதிகாலுக்குச் சற்று மேலே தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) தடித்துப்போய், இரு விரல்களால் பிடித்துப் பார்த்தாலே மற்றொரு காலைவிடப் பருத்திருப்பது தெரிந்தது. ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் வலி மாத்திரையுமாக எட்டு மாதங்கள் கழிந்த பிறகு, எலும்பு மருத்துவர் ஷாக் வேவ் தெரபி எனப்படும் அதிர்வலைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

சிறுநீரகக் கற்களை உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக நோயாளிக்கு அளிக்கப்பட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது என்று அறிந்தபோது, நாண் அறுந்துவிடுமோ என்று அஞ்சினேன். இங்கே எதையும் உடைப்பதில்லை, நாள்பட்ட நாணில் தேங்கிப்போன குணமாகும் வேலையைத் தூண்டுவதே நோக்கம் என்று அவர் விளக்கினார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறேனா, அண்மையில் அவ்விடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்றும் விசாரித்தார். தூண்டப்படும் எதிர்வினையைத் தணித்துவிடக்கூடும் என்பதால் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொன்னார்.

வாரம் ஒருமுறையாக மூன்று அமர்வுகள். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க, பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்து, நான் "அங்கேதான்" என்றதும் பேனாவால் புள்ளி வைத்து, குளிர்ந்த ஜெல்லைத் தடவினார். கருவியின் முனை தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. ஓர் அமர்வுக்கு 2,000 அடிகள். வலிக்கும் இடத்தை நோயாளியே சொல்ல வேண்டியிருப்பதால் மரத்துப்போக ஊசி போடுவதில்லை. முதல் நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டேன்; பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டியபோதும் தாங்க முடிந்தது.

இரண்டாம் அமர்வுக்குப் பின் இரண்டு நாள்கள் வலி கூடியது. மூன்றும் முடிந்தபோது பெரிய மாற்றம் ஏதும் இல்லை. எல்லாம் வீணோ என்று மனம் தளர்ந்தது அப்போதுதான். பலன் தெரிய 12 வாரங்கள் வரை ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்டிருந்தேனே தவிர, மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆயினும், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை மட்டும், ஒரு தடவைக்கு 15 வீதம் மும்முறை, காலையிலும் மாலையிலும் விடாமல் செய்தேன். அதிர்வலை மட்டுமே என் காலைச் சரிசெய்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் வாரத்தில் ஒரு நாள் காலை, அடுக்களை வரை நடந்து போன பிறகே வலிக்கவில்லை என்பது உறைத்தது. தடிப்பு இன்னும் முழுதாக வற்றவில்லை. விரலால் நெரித்தால் இலேசாகக் கூசுகிறது. படியோரப் பயிற்சியை இப்போதும் தொடர்கிறேன்.