பெயர்ப் பலகை குறித்த ஒரு மன்றப் பொருள்

பேருந்து நிலைய வணிக வளாகக் கடைகளின் முகப்பில் மாட்டப்பட்டிருக்கும் பலகைகளுக்கு உரிமக் கட்டணம் விதிக்கலாம் என்ற குறிப்பை, நகராட்சியின் வருவாய்ப் பிரிவிலிருந்து நகர்மன்றத்துக்கு எழுதியவன் நான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தணிக்கையில் அதன்மேல் ஒரு வரி ஆட்சேபணை கூட எழவில்லை. ஆனாலும் அன்றைய கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியும் நான் எழுந்து சொன்ன பதிலும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. சொன்ன பதில் சட்டப்படி சரியானது. அந்தக் கேள்வி ஏன் அவர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது என்பதற்கு நான் குறிப்பு எழுதிய விதமும் ஒரு காரணமோ என்ற சந்தேகம்தான் தீரவில்லை.

2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் மன்றம் அமைவதற்கு முன்பு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகராட்சி, அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. முடிவுக்கான விஷயத்தை, அதாவது பொருளை, வைப்பவரும் அவரே, முடிவெடுப்பவரும் அவரே. காலையில் அனுப்பிய குறிப்பு மாலையில் தீர்மான எண்ணோடு மேசைக்குத் திரும்பிவிடும். கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. புதிய உறுப்பினர்களோ, பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் ஏப்ரலில் வந்த சொத்துவரிச் சீராய்வுக்குக் கைதூக்க வேண்டியவர்களானார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம் என்று உயர்வு. மறுத்தால் மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியம் கைவிட்டுப் போகும் என்ற நிலையில் மன்றத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. வார்டில் வாங்கிய வசவோடு கூட்டத்துக்கு வந்தவர்கள், வரியில் இனிக் கை வைக்காதீர்கள், வேறு வருமானத்துக்கு வழி சொல்லுங்கள் என்று வருவாய்ப் பிரிவை நெருக்கினார்கள்.

வேறு வருமானம் என்றால் மிஞ்சியிருந்தது எங்கள் சொத்துகள்தான். விளம்பர வரி 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டது. கடை வாடகையோ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 சதவீதம், ஒன்பது ஆண்டுகள் முடிந்தபின் மறுநிர்ணயம் என்ற கணக்கில் அப்போது ஓடியது. நடுவில் தொட முடியாது. அந்த நிலையில்தான் வளாகத்தின் முகப்பு என் கண்ணில் பட்டது. குளிர்பானக் கம்பெனியும் கைப்பேசிக் கம்பெனியும் இலவசமாகச் செய்து கொடுத்த, உள்ளே குழல்விளக்கு எரியும் பலகைகள் வரிசையாக நின்றன. முக்கால் பங்கு கம்பெனியின் நிறமும் முத்திரையும். கடையின் பெயர் ஒரு மூலையில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பலகையைத் தாங்கிய இரும்புச் சட்டத்துக்காகக் கைப்பிடிச் சுவரில் துளையிட்டிருந்தார்கள். துளையிலிருந்து வழிந்த மழைநீர் சுவர் நெடுகத் துருக்கோடு இழுத்திருந்தது. கட்டடம் நம்முடையது, அதில் விளம்பரம் செய்பவர் ஒரு காசும் தருவதில்லை. வரி என்று கேட்க இடமில்லாவிட்டாலும், கட்டட உரிமையாளர் என்ற முறையில் சதுர அடிக்கு இவ்வளவு என உரிமக் கட்டணம் கேட்க இடமுண்டு. குறிப்பின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

இதற்குமேல் நான் ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். பலகையில் தமிழே முதலிடத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற அளவைப் பின்பற்றாத பலகைக்கு உரிமம் இல்லை என்பதே அது. இது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளையொட்டி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. அமல்படுத்த வேண்டியது தொழிலாளர் துறை. உரிமம் கொடுக்கும் அலுவலகம் நடப்பு விதியை நிபந்தனையாக வைப்பதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் அதைக் குறிப்பின் முதல் பத்தியில் வைத்து, கட்டணத்தை மூன்றாம் பத்திக்குத் தள்ளியவனும் நானே. தெரிந்து செய்தேனா என்று கேட்டால், பாதி தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

எதிர்பார்த்தபடியே விவாதம் முதல் பத்தியிலேயே தங்கிவிட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர் வரவேற்றுப் பேசினார். எதிர்க்கட்சி உறுப்பினர் இதை எங்கள் காலத்திலேயே கேட்டோம் என்றார். நகராட்சி அலுவலகத்தின் சொந்தப் பலகையில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதை இன்னொருவர் சுட்டிக்காட்ட, எல்லாரும் சிரித்தார்கள். ஏறக்குறைய முடிந்த நேரத்தில் பேருந்து நிலைய வார்டின் பெண் உறுப்பினர் எழுந்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"ஏன் சார், போர்டு மாட்டினது கம்பெனி. விளம்பரம் அவங்களுக்கு. காசு மட்டும் கடைக்காரர் கட்டணுமா? கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட முடியாதா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, கம்பெனிக்கும் நகராட்சிக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. குத்தகைதாரர் பெயரில்தான் நாம் கேட்பு எழுப்ப முடியும். அவர்கள் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்."

"அவர் கேட்டா கம்பெனி குடுத்துடுமா சார்?"

அதற்குள் தலைவர் அடுத்த பொருளின் எண்ணைப் படிக்கத் தொடங்கிவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

என் பதிலில் இன்றும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். ஒப்பந்தம் இல்லாதவர் பெயரைக் கேட்பு (கட்டச் சொல்லும் தொகை), வசூல், நிலுவைப் பட்டியலில் ஏற்றினால் அது என்றென்றும் நிலுவையாகவே நிற்கும். முகப்பு முழுவதையும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு ஏலம் விட்டுக் கம்பெனிகளிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் வழி ஒன்று இருந்தது. அதைக் குறிப்பில் நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கைப்பிடிச் சுவரின்மேல் பெரிய சட்டங்கள் ஏறியிருக்கும். அடுத்த ஆண்டு ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்த செய்தியைப் படித்தபோது, நான் சேர்க்காமல் விட்டதே நல்லது என்று சொல்லிக்கொண்டேன். குறிப்பு எழுதிய நாளில் சுவரின் பலம் என் நினைவிலேயே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஏலம் என்றால் மன்றத்தில் யாருடைய ஆள், யாருக்கு என்ற பேச்சு எழும், பொருள் ஒத்திப்போகும் என்பதே அன்றைய என் கணக்கு.

கேட்பு அறிவிப்பு போன பிறகு நடந்ததை உறுப்பினர் முன்பே அறிந்திருந்தார் போலும். கம்பெனிகளின் விநியோகஸ்தர்கள், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று சொன்னதோடு சரி. கடைக்காரர்களில் சிலர் கட்டினார்கள். பலர் பலகையைக் கழற்றிவிட்டு, சின்ன ஃப்ளெக்ஸில் தமிழில் பெயரை அச்சடித்துக் கட்டிக்கொண்டார்கள். மொழி நிபந்தனை அந்த அளவில் வென்றது. வருமானம் நான் காட்டிய மதிப்பீட்டைத் தொடவே இல்லை. யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, அந்தப் பலகைகளின் வெளிச்சத்தில்தான் கடைசிப் பேருந்து வரை நடைமேடை தெரிந்துகொண்டிருந்தது என்பது. பெண் பயணிகளிடமிருந்து புகார் வந்து, வராண்டாவுக்கு எல்இடி விளக்கு பொருத்தும் செலவு வருவாய் நிதியிலிருந்து மன்றத்துக்கு வைக்கப்பட்டது. அந்தக் கோப்பு பொறியியல் பிரிவுடையது என்பது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

தமிழ் நிபந்தனையைத் தனிப் பொருளாகவும் கட்டணத்தைத் தனிப் பொருளாகவும் வைத்திருந்தால், அவர் கேள்விக்குப் பத்து நிமிடமாவது கிடைத்திருக்கும். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, விழுங்கினார்களே என்று நான் பெருமைப்பட்டிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும். மன்றம் படிக்காமல் கைதூக்கினால் எழுதியவன் என்ன செய்வான், மூன்றாம் பத்தியும் அதே தாளில்தானே இருந்தது என்று வேறு சில நாள் தோன்றும். இரண்டும் நியாயமாகவே படுகின்றன.

அதன்பின் ஒரு முறை பிரித்து எழுதிப் பார்த்தேன். தினசரி அங்காடிக் கடைகளுக்கு ஒன்பது ஆண்டுகள் முடிந்திருந்தன. கூரை ஒழுக்கைச் சரிசெய்வது ஒரு பொருள், வாடகை மறுநிர்ணயம் இன்னொரு பொருள். சேர்த்து எழுதினால் ஒன்றின் நிழலில் மற்றொன்று போய்விடும் என்று தனித்தனியாகவே வைத்தேன். கூரைக்கான செலவு விவாதமின்றி நிறைவேறியது. வாடகை, முழு விவரங்களுடன் மறு கூட்டத்தில் வைக்க ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கக் கோரியவர்களில் பேருந்து நிலைய வார்டு உறுப்பினரும் இருந்தார். மன்றம் கேட்ட விவரங்களையெல்லாம் இணைத்து அனுப்பினேன். அங்காடியில் இன்னும் பழைய வாடகையே வசூலாகிறது.