தண்ணீர் தேங்காத ஊர்

கம்பெனி வேலையாக கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இருந்தபோது, மலைக்காட்டுக்குள் கிடக்கிற சியுதாத் பெர்தீதா ('தொலைந்த நகரம்') என்ற பழங்கால ஊருக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், வடசென்னை வியாசர்பாடியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "பயமா இல்லையா?" என்பதுதான். கொலம்பியா என்றாலே ஆள் கடத்தல் என்று மண்டையில் ஏறிவிட்டது. அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 2003-ல் இதே இடத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளை கெரில்லாக்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் 2005 வாக்கில் அந்த ஊருக்குப் போகிற மலை நடை மறுபடி தொடங்கியது, இப்போது மேலே ராணுவம் உட்கார்ந்திருக்கிறது, கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய்வருகிறார்கள். எனக்கிருந்த பயமே வேறு. நம்ம ஏரியாவில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ரயில்வே மேம்பாலம்தான், அதை ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

கிளம்புகிற இடம் சாந்தா மார்த்தா, கரீபியன் கடலோரத்துத் துறைமுக ஊர். அதற்குப் பின்னால் சியெர்ரா நெவாதா மலை. கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, அதற்குள் பனி மூடிய உச்சி 5,700 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. நாம் போகிற இடம் அவ்வளவு உயரமில்லை, 900 முதல் 1,300 மீட்டர்தான், ஆனால் ரோடு கிடையாது. எல் மாமே என்ற கிராமத்தோடு ஜீப் நின்றுவிடும். அங்கிருந்து போக வர 45 கிலோமீட்டர் போல, நாலு நாள் நடை. தனியாகப் போக விடமாட்டார்கள், அனுமதி வாங்கிய ஏஜென்சி மூலமாகத்தான் போகவேண்டும், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், சமையல்காரர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. செப்டம்பர் மாதம் முழுக்க மூடிவிடுவார்கள், மலையில் வாழும் பழங்குடிகள் தங்கள் சடங்குகளைச் செய்வதற்காக.

முதல் நாளே செம்மண் ஏற்றம். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் சகதி ஷூவை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்கிறது. சாமான் சுமந்த கோவேறு கழுதைகள் பின்னாலேயே வரும், ஒதுங்கி நிற்கும்போது மலைப்பக்கம் ஒதுங்கவேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் அது இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். முகாமில் கட்டில், கொசுவலை, பச்சைத்தண்ணிக் குளியல். கொசுவைப் பற்றி மொழிபெயர்ப்பாளர் ரொம்ப நேரம் எச்சரித்தார். கால்வாய் ஓரம் வளர்ந்தவனிடம் சொல்கிற பேச்சா அது?

எங்கள் வழிகாட்டி அந்த மலைப் பழங்குடிகளில் வீவா இனத்துக்காரர். வெள்ளை உடை, கருப்பு ரப்பர் பூட்ஸ், தோளில் குறுக்காக ஒரு பின்னல் பை. அவரும் வழியில் பார்க்கிற கோகி என்ற இன்னொரு பழங்குடி ஆண்களும் கை குலுக்குவதில்லை, பையிலிருந்து ஒரு பிடி கோகா இலையை எடுத்து ஒருவர் பைக்குள் மற்றவர் போடுகிறார், அதுதான் வணக்கம். கையில் எப்போதும் போபோரோ என்ற சின்னச் சுரைக்குடுக்கை. உள்ளே கடற்கரையிலிருந்து பொறுக்கிவந்த சிப்பியைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பு. ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, இலை அடக்கிய வாயில் வைத்துவிட்டு, எச்சில் ஈரத்தோடு குடுக்கையின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே நடக்கிறார். வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அந்த விளிம்பு மஞ்சளாகத் தடித்துக் கிடந்தது. கூட வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு தடவி வெற்றிலை போட்ட பாட்டியோடு வளர்ந்த எனக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் புரிதாகா ஆற்றைக் கடந்ததும் படிக்கட்டு. 1,200 படிகள். பாதத்தை நேராக வைக்க இடமில்லாத குறுகல், பாசி வேறு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் முழங்கால் வலிக்கிறது.

மேலே ஏறினால் கோபுரமோ சிலையோ ஒன்றும் கிடையாது. இந்த மலையின் பழைய குடிகளான தைரோனா மக்கள் கி.பி. 800 வாக்கில் கட்டத் தொடங்கிய ஊர், ஸ்பானியர் வந்த காலத்தில் கைவிடப்பட்டது. மரத்தாலும் ஓலையாலும் கட்டிய வட்ட வீடுகள் என்றைக்கோ மக்கிவிட்டன, அவை நின்ற கல் தளங்கள் மட்டும் 169, மலை முகட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. முதல் பார்வைக்கு எனக்கு ஏமாற்றம்தான். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. முந்தின ராத்திரி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டிய மழை, ஆனால் அந்தத் தளங்களில் கொஞ்சம்கூடத் தண்ணீர் நிற்கவில்லை.

வழிகாட்டியிடம் கேட்டதும் அவர் குஷியாகிவிட்டார், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க என்னை மட்டும் சுவர் ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். தாங்கு சுவர்களில் காரை எதுவும் பூசவில்லை, வெறுமனே அடுக்கிய கல். மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும், சுவருக்குப் பின்னால் சேர்ந்து அதைத் தள்ளாது. மேலே விழுகிற தண்ணீருக்குக் கல் பாவிய வாய்க்கால். படிக்கட்டும் பாதையும்கூட மழையை மண் அரிக்காமல் கீழே இறக்குகிற வழிகள்தான். தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். நமக்குச் சரிவே கிடையாது, கடல் மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம், இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் ஐப்பசி வந்தால் எங்கள் ஏரியா ஜீவா சுரங்கப்பாதை மழைத்தண்ணீரில் மூடாமல் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறவனுக்கு, பல நூறு வருஷமாகக் காடு மூடிக் கிடந்த பிறகும் வேலை செய்கிற ஒரு வடிகாலைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஊருக்கு வந்து படங்களைக் காட்டினபோது அம்மா, "அவ்ளோ தூரம் போயி வாய்க்காலையாடா படம் புடிச்சிட்டு வந்த?" என்றார்.

1972-ல் புதையல் தேடிகள் இங்கே நுழைந்து கல்லறைகளைத் தோண்டியதும், அந்தத் தங்கம் சந்தைக்கு வந்ததும், 1976-ல் தொல்லியல்காரர்கள் வந்து சேர்ந்ததும்தான் எல்லோரும் சொல்கிற கதை. கோகிகளின் பூசாரிகளான மாமோக்களுக்கு தேயுனா என்ற இந்த ஊர் எப்போதுமே தெரியும் என்றார் வழிகாட்டி. பொகோட்டா தங்க அருங்காட்சியகத்தில் தைரோனா நகைகள் இருக்கின்றன, முடிந்தால் நடைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போகிற உத்தேசம் இருந்தால் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், மழை குறைவு. ஆற்றில் இறங்க ஒரு பழைய செருப்பு தனியாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், வடசென்னைக்காரர்களுக்கு ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகமே பக்கம், ஊசிக்காக கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வரை அலையவேண்டாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். திரும்பி வரும்போது அந்த அட்டை கையில் இல்லையென்றால் நம்ம ஊர் விமான நிலையத்திலேயே தனிமையில் உட்கார வைத்துவிடுவார்கள்.