கார் பிளக் மாற்ற: முதலில் கை, பிறகுதான் ஸ்பேனர்

பெட்ரோல் காரில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் ஒன்று. ஆனால் தப்பு நடந்தால் வீணாவது சில நூறு ரூபாய் பிளக் இல்லை. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் இருக்கும் மரை. அதனால் நிதானம் முக்கியம்.

பிளக் தேய்ந்தால் ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், ஏற்றத்தில் புல்லிங் இருக்காது, மைலேஜ் இறங்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் சுட்டுக் கெடுத்துவிடும்.

பிளக் நம்பரை வண்டியின் மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். மரை ஒன்றாக இருந்தாலும் ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்ற அளவு) மாறினால் எஞ்சினுக்கு ஆகாது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட 'கோல்ட்' பிளக், அதாவது சூட்டை வேகமாக இறக்கும் பிளக். பாஷில் இது தலைகீழ். எண்ணிக்கையையும் பாருங்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ-யில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 8 பிளக்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிளக்கோடு உரிந்து வரலாம். இக்னிஷனை ஆஃப் செய்து, பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டர் லாக்கை அமுக்கி விடுவித்து, கனெக்டரைப் பிடித்தே இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல வண்டிகளில் காயில் போல்ட்டுக்கு 10 எம்எம் சாக்கெட் போதும். காயிலை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு நேராக மேலே தூக்குங்கள்.

அடுத்துதான் பலரும் விட்டுவிடும் வேலை: பிளக் இருக்கும் குழிக்குள் உள்ள மண்ணையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்றுவது. சைக்கிள் பம்ப்பே போதும். பிளக்கைக் கழற்றிய பிறகு அந்த மண் சிலிண்டருக்குள்தான் விழும். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் அந்தக் குழியின் சீல் போயிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

14 எம்எம் மரை பிளக்குக்குப் பெரும்பாலும் 16 எம்எம் பிளக் சாக்கெட், 12 எம்எம் மரைக்கு 14 அல்லது 16 எம்எம் சாக்கெட். சாக்கெட்டோடு மாட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பி சாயக்கூடாது, சாய்ந்தால் வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு புது பிளக்கே மிஸ்ஸிங் அடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே வையுங்கள். நுனி வெளிர் பழுப்பு என்றால் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது எப்போதும் குட்டிக் குட்டி ஓட்டம். ஈரமான ஆயில் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீலைச் சந்தேகப்படுங்கள். வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம்.

சாதா நிக்கல் பிளக்கின் கேப்பை (நுனியில் பொறி தாவும் இடைவெளியை) ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் சரிபாருங்கள். இரிடியம் பிளக்கின் மெல்லிய நுனியை நெம்பவே கூடாது, ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள்.

மாட்டும்போது ராட்செட்டைத் தள்ளி வையுங்கள். பிளக்கின் மேல் முனையில் ஒரு ரப்பர் ட்யூப் துண்டைச் செருகி, விரலால் சுற்றி இறக்குங்கள். மரை கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கும், மரை பிழைக்கும். ஸ்பேனருக்கு அந்த உணர்வு கிடையாது. கையால் முழுக்க இறங்கி உட்கார்ந்த பிறகு, வாஷர் உள்ள புது 14 எம்எம் பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு வரை. முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25–30 நியூட்டன் மீட்டர். 12 எம்எம் என்றால் 15–20. லூசாக விட்டால் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் பிளக் வெந்துபோகும். மரைக்கு கிரீஸோ, மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசும் ஆன்டி-சீஸோ வேண்டாம். வழவழப்பில் அளவுக்கு மீறி டைட் ஆகிவிடும்.

எல்லாம் மாட்டியும் ஒரு சிலிண்டர், உதாரணமாக 1-ஆம் சிலிண்டர், மிஸ்ஸிங் அடித்தால் 1-ஆம் காயிலையும் 2-ஆம் காயிலையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனரில் பி0301 கோடு (1-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங்) பி0302 ஆக (2-ஆம் சிலிண்டர்) நகர்ந்தால் கோளாறு காயிலில்தான். நகரவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கை மறுபடி பாருங்கள், அடுத்து இன்ஜெக்டரை.