ஈரத்துக்குக் கழித்தது

"மிஸ், ஈரத்துக்குக் கழிக்க மாட்டாங்களா?"

என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னதும் ஒரே வரிதான்: "அது பேக்டரி கணக்குமா, இது கெமிஸ்ட்ரி." வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருப்பேன் போல.

உதாரணத்தை ஆரம்பித்ததே நான்தான். ஒரே தனிமத்தில் எடை வேறான அணுக்கள் கலந்திருக்கும்; அவற்றின் சராசரி அணு நிறைக்கான போரான் கணக்கைப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். 20 சதவீதம் போரான்-10, 80 சதவீதம் போரான்-11, விடை 10.8. சதவீதத்தால் ஏன் பெருக்குகிறோம் என்று கேட்டால் சத்தமே வராது. கோத்தகிரிப் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் தேயிலை, அதனால் குளோரினுக்கு மூட்டையைப் பிடித்தேன். நாலு மூட்டை பச்சை இலை, மூன்றில் 35 கிலோ, ஒன்றில் 37. மொத்தம் 142, நாலால் வகுத்தால் 35.5. ஆனால் 35.5 கிலோ மூட்டை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, இல்லையா? குளோரினும் அப்படித்தான்: நாலில் ஏறக்குறைய மூன்று அணு 35, ஒன்று 37. நல்ல உதாரணம் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதற்குள் அவள் கை தூக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை டெஸ்ட், மணி அடிக்க ஐந்து நிமிஷம். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். குளோரின்-35 அணுவில் 17 புரோட்டான், 18 நியூட்ரான், 17 எலக்ட்ரான். தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் அணு நிறை அலகில் 35.289 வருகிறது. சேர்ந்து அணுவான பிறகு இருப்பதோ 34.969. நடுவில் 0.32 காணோம். அணுக்கரு கட்டுண்டபோது ஆற்றலாக வெளியே போன நிறை அது. இத்தனை வருஷமாக '35 என்பது தோராயம்' என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். கார்பன்-12 மட்டும் சரியாக 12 எப்படி என்றால், 1961-ல் நாமாகவே அதை அணு எடைக்கு அளவுகோலாக அப்படி வைத்துக்கொண்டதுதான். அதையும் பிரித்துப் போட்டு நிறுத்தால் 12.099 வரும். ஆக, எடைக்கல்லே கழிவு போன கல்தான்!

கழிப்பாங்களா என்றால், கழிப்பாங்க. அதுவும் ஈரத்துக்கு இல்லை, கட்டினதற்கு. பாடத்தில் இல்லை என்றும் தப்பிக்க முடியாது, நிறை ஆற்றலாக மாறும் என்ற ஐன்ஸ்டீன் சமன்பாடு அணுக்கரு இயற்பியலிலேயே வந்துவிடுகிறது. என்ன, அது வேறு பாடம். 35.5-ஐயே இன்னும் பிடிக்காத பிள்ளைகளிடம் 0.32-ஐக் கொண்டுபோனால் இரண்டும் போய்விடும் என்ற பயமும் பொய்யில்லை.

டெஸ்ட் முடிந்தபின் வராந்தாவில் அவளை நிறுத்திச் சொன்னேன். கொஞ்சம் ஆர்வமாகவே சொன்னேன், கையில் அந்தக் காகிதம்கூட இருந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க மிஸ். டெஸ்ட்ல 35.5-ன்னுதான் எழுதியிருக்கேன்."

அதில் குத்தல் இல்லை. மார்க் போய்விடுமோ என்ற கவலைதான். போய்விட்டாள்.

அப்புறம்தான் வேறு ஒன்று உறைத்தது. அவள் அணுவைப் பற்றியே கேட்டிருக்க மாட்டாளோ? அது மழை மாசம். நனைந்த இலைக்கு எடை போடும் இடத்தில் இத்தனை கிலோ என்று கழித்துத்தான் சீட்டில் எழுதுவார்கள். அவள் அம்மா கொண்டுபோன மூட்டைக்கு அந்த வாரம் எவ்வளவு கழித்தார்களோ. 35, 37 என்று போர்டில் நான் முழுசு முழுசாக எழுதியதைப் பார்த்தபோது அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? முதலில் கேள்வியைத் தள்ளிவிட்டேன், பிறகு அதை இயற்பியலாக்கி எனக்கு எடுத்துக்கொண்டேன். 'உங்க வீட்டில் எவ்வளவு கழிக்கிறாங்க?' என்று இரண்டு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் இருக்கிறது.

இந்த வருஷம் அதே பாடத்துக்கு மூட்டையே வேண்டாம் என்று கேரட்டை எடுத்தேன். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "மிஸ், கழுவின கேரட்டா, மண்ணோட உள்ள கேரட்டா?" என்றான்.

மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.